பௌர்ணமிக்குக் கடற்கரை வீடு

திருவண்ணாமலையில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே வேலை பார்த்து, ஐம்பத்திரண்டு வயதையும் தொட்டுவிட்ட ஒருவன், பௌர்ணமி என்றைக்கு என்று பார்க்காமல் குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்ப நாள் குறித்தான் என்றால் அவனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ, அதையேதான் என் மனைவியும் நினைத்தாள். வாய்விட்டும் சொன்னாள். அதில் அச்சில் ஏற்றக்கூடிய பகுதியைப் பின்னால் தருகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தத் தப்பின் கனம் புரியாது. மற்ற ஊர்களில் பௌர்ணமி வானத்தில் வரும். எங்கள் ஊரில் பேருந்தில் வரும். மலையைச் சுற்றி நடப்பதற்காக ஜனம் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் முளைக்கும். கிரிவலப் பாதையில் வண்டிகளை விடமாட்டார்கள். பல் டாக்டரிடம் போனால், "பௌர்ணமி கழிச்சு வாங்களேன்" என்பார். பல் வலியும் அதுவரை பொறுத்துக்கொள்ளும். கல்யாணம், காதுகுத்து, புது பீரோ வந்து இறங்குவது எல்லாவற்றையும் அதற்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளித்தான் வைப்போம். இதெல்லாம் நடக்கப் பழகும் வயதிலேயே இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

நான் மரக்காணம் பக்கம் ஒரு கடற்கரை வீட்டை, பதினோரு பேருக்கு, இரண்டு இரவுக்கு, சரியாக அந்தச் சனிக்கிழமைக்குப் பதிவு செய்தேன்.

கேவலம் அதோடு நிற்கவில்லை. வீட்டுக்காரர் போனிலேயே சொன்னார், "நீங்க லக்கி சார். அன்னிக்கு முழு நிலா. கடல்லேர்ந்து எழுந்து வர்றத மாடியில உக்காந்தே பாக்கலாம்." நான் "அருமை, அருமை" என்றேன். நிலா என்றதும் படித்த கவிதைகள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. போக்குவரத்து வரவில்லை.

இத்தனைக்கும் கடல் என்னுடைய யோசனை இல்லை. அக்காவுடையது.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி வீடு. வீட்டின் முன்பக்கத்தில் மாமா, அதாவது அக்காவின் கணவர், டீக்கடை வைத்திருக்கிறார். சென்ற மாசி மாதம் அக்காவுக்கு வலது முட்டியில் ஆபரேஷன் செய்ய நாள் குறித்தார்கள். அதற்கான டெஸ்ட்டுகளை முடித்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பும்போது, சம்பந்தமே இல்லாமல் ஆரம்பித்தாள்.

"டேய், நான் கடலயே பாத்தது இல்லடா."

"நெஜமாவா?"

"பள்ளிக்கூடத்துல பாண்டிச்சேரி கூட்டினு போனப்ப எனக்கு அம்மை. அப்புறம் நீ போயிட்டு வந்து சிப்பி காமிச்ச."

"மெட்ராசுக்குக் கல்யாணத்துக்குப் போனமே, எல்லாரும் பீச்சுக்குப் போனமே?"

"நீங்க போனீங்க. நான் வீட்டப் பாத்துக்கினேன்."

நூறு கிலோமீட்டரில் கடல். ஒரு பெண்மணி ஐம்பத்தெட்டு வருடம் அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறாள். அது கூடப்பிறந்தவனுக்கே தெரியவில்லை. பெரிய வாசகன் என்று வெளியில் பெயர்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடணும்" என்றாள் அக்கா. "அப்புறம் எப்பிடியோ, என்னமோ."

"முட்டிதானேக்கா? ஆறு மாசத்துல ஓடுவ."

"மயக்க மருந்து குடுப்பாங்க இல்ல?" என்று கேட்டுவிட்டு முகத்தை ஆட்டோவுக்கு வெளியே திருப்பிக்கொண்டாள்.

அக்கா என்னிடம் எதையும் கேட்டவள் இல்லை. எப்போதும் கேட்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்லிப் பழகியிருக்கிறேன். கேட்காதவள் கேட்டால் என்ன செய்வதென்று பழக்கமில்லை. அன்று மாலையே கடற்கரை வீடு தேட ஆரம்பித்தேன்.

நான் கவலைப்பட ஆரம்பித்தால் முழுமையாகச் செய்வேன். எங்கள் வீட்டில் நான்கு பேர், அக்கா வீட்டில் பேரனையும் சேர்த்து ஐந்து பேர், மனைவியின் தம்பியும் அவன் மனைவியும். பதினோரு பேருக்கும் ஒரு வாட்ஸப் குழு தொடங்கினேன். அக்காவுக்கு எந்த அறை, கழிவறை வெஸ்டர்னா, மாடிப்படிக்குக் கைப்பிடி உண்டா, மாத்திரையை யார் நினைவுபடுத்துவது என்று நாளுக்கு ஏழெட்டுச் செய்தி போட்டேன். பதிலுக்கு எல்லாரும் கட்டை விரலைக் காட்டினார்கள். மனைவியின் தம்பி மூன்றாம் நாளே குழுவின் சத்தத்தை அணைத்துவிட்டான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்காரருக்கும் விடாமல் போன் செய்தேன்.

"வீட்லேர்ந்து கடலுக்கு எவ்வளவு தூரம் இருக்கும்?"

"கேட்டத் தெறந்தா மணல் சார்."

"மணல் கெட்டியா இருக்குமா, கால் பொதையுமா? முட்டி சரியில்லாதவங்க நடக்கணும்."

"நடக்கலாம் சார்."

"நடுவுல எங்கயாவது உக்கார்றதுக்கு..."

நான்காவது முறை அவர் பொறுமையிழந்தார். "சார், வீட்ட ரெண்டு நாளைக்குத்தான் எடுக்கறீங்க. வாங்கறவங்ககூட இவ்வளவு கேக்கறதில்ல."

இது போதாதென்று கடலைப் பற்றிப் படிக்கவும் ஆரம்பித்தேன். இழுப்பு நீரோட்டம், ஜெல்லி மீன், நீந்தத் தெரிந்தவர்களே மாட்டிக்கொள்வது எப்படி. படிக்கப் படிக்கக் கடல் என்பது மனிதர்கள் நெருங்கவே கூடாத இடம் என்று பட்டது. ஒரு நோட்டில் குறிப்பும் எடுத்தேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. அதன் இரண்டாம் பக்கத்தில், என் கையெழுத்தில், அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறது: "பௌர்ணமி, அமாவாசை நாட்களில் அலை ஏற்றம் அதிகம். கவனம்." எழுதியவன் சுவரில் தொங்கிய காலண்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அறிவு வேறு, நாள் பார்ப்பது வேறு என்று வைத்திருந்தான் போலிருக்கிறது.

விஷயம் வெளிப்பட்டது வேன் பேசும்போதுதான். கீழ்பென்னாத்தூரில் என் சித்தப்பா மகன் வேன் ஓட்டுகிறான். அவனுக்குப் போன் போட்டு, மரக்காணம் போகணும், பதினோரு பேர் என்றேன்.

"போலாம்ண்ணா. என்னிக்கு?"

தேதியைச் சொன்னேன்.

"வெளையாடறியாண்ணா?"

"ஏண்டா?"

"அன்னிக்குப் பௌர்ணமிண்ணா."

அப்போதுதான் காலண்டரைப் பார்த்தேன். அன்றாடம் அதில் ராசிபலனில் தொடங்கி பல்லி விழும் பலன்வரை படிக்கிறவன் நான். அந்தத் தாளில் ஒரு முழு வட்டம் வரைந்து, பக்கத்தில் எழுத்திலும் போட்டிருந்தார்கள். அந்த வட்டம் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். போனில் பேசியது கேட்டிருக்கிறது. முன்னால் சொன்ன, அச்சில் ஏற்றக்கூடிய பகுதி இதுதான்: "ஏங்க, இந்த ஊர்ல மாடு கன்னுக்குக்கூட பௌர்ணமி என்னிக்குனு தெரியும்."

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நாளை மாற்ற முடியுமா என்று கெஞ்சினேன். அடுத்த இரண்டு வாரக் கடைசிக்கும் ஆள் வந்துவிட்டது என்றார். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே சார், முழு நிலானு" என்று நினைவுபடுத்தினார். இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அதைத் தள்ளவும் முடியாது. சென்னையிலிருந்து டாக்டர் வந்து செய்கிறார். வாரநாளில் அக்காவின் மகனுக்கு ஒரு நாளுக்கு மேல் லீவு கிடையாது. இருப்பது அந்த ஒரு சனி, ஞாயிறுதான்.

சித்தப்பா மகன் நல்லவன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "விடியறதுக்கு முன்ன கெளம்பிட்டா ரோட்ட அடைக்கறதுக்குள்ள வெளிய வந்துடலாம்ண்ணா. உங்கள எறக்கி வுட்டுட்டு மத்தியானம் நான் இங்க திரும்பிடுவேன். எனக்கும் சவாரி இருக்குது. திங்கக்கிழமை வந்து ஏத்திக்கறேன்" என்றான். எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் அது பாதிக் கவலைதான். மீதிக் கவலை அடி அண்ணாமலையில் அடுப்படியில் இருந்தது.

நானும் மனைவியும் போய்ச் சொன்னோம். அக்கா கேஸை அணைத்தாள்.

"அன்னிக்கா? யார் யார் வருவாங்கனு தெரியுமாடா உனக்கு? வேலூர்லேர்ந்து உங்க மாமாவோட தங்கச்சி வீடு. ஆரணிலேர்ந்து பெரியவர், அவரோட அண்ணன் வீடு. அவங்க பக்கத்து வீட்டுக்காரங்க. அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்களோட சம்மந்தி."

"போன் பண்ணி இந்த மாசம் வேணாம்னு சொல்லிடலாம்க்கா."

"எப்பிடிடா சொல்லுவ? அவங்க வரேன்னே சொல்றது இல்லையே."

அதுதான் வழக்கம். கிரிவலப் பாதையில் ஒரு வீடு இருந்தால் அது பௌர்ணமியன்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சொந்தம். வெறுங்காலோடு நடக்கவேண்டும் என்பதால் செருப்பையும் பையையும் அங்கே போட்டுவிட்டுப் போவார்கள். சுற்றி முடித்து வந்து குளிப்பார்கள், எலுமிச்சை சாதம் சாப்பிடுவார்கள், கூடத்தில் வரிசையாகப் படுப்பார்கள். காபி கேட்காமலே வரும். போட்டவள் யார் என்று யாரும் யோசிப்பதில்லை, நானும் யோசித்ததில்லை.

"முப்பத்தியோரு வருஷமா இந்தக் கதவு பௌர்ணமிக்குப் பூட்டினது இல்ல. ரெண்டு பிரசவத்துக்கும்கூட இல்ல" என்றாள் அக்கா. பிறகு, மிகச் சாதாரணமாக, "நீங்க போயிட்டு வாங்கடா. போட்டோ எடுத்தாந்து காமிங்க."

அப்போது சிப்பி, இப்போது போட்டோ.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு ஜன்னல். அதன் வழியாக மாமா, பால் ஆற்றிக்கொண்டே, "நீ போ. நான் இருக்கறேன்" என்றார். நாளுக்கு நான்கு வாக்கியம் பேசுகிற மனிதர். அன்றைய கணக்கில் இரண்டு தீர்ந்தது.

"நீங்க கடைய வுட்டு எழுந்து உள்ள வருவீங்களா, அன்னிக்கு? எலுமிச்சம்பழம் எங்க கீதுனு தெரியுமா உங்களுக்கு?"

மாமா யோசித்தார். தெரியவில்லை.

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இருபத்தாறு வருட அனுபவம் உண்டு. "தேதி போட்டது நீங்க. நீங்க இருங்க."

நான் ஒரு ஆளை வைக்கலாம், பக்கத்து வீட்டில் சாவி கொடுக்கலாம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள். "இவனா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். ஆபரேஷன் என்று சொன்னதற்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு மறுப்பதற்கு எனக்கு வழியில்லை.

ஆக, கடற்கரை விடுமுறையைத் திட்டமிட்டவனே அதற்குப் போகமுடியாமல், கடலிலிருந்து நூறு கிலோமீட்டரில், மலையடிவாரத்தில் விருந்தோம்பலுக்கு நியமிக்கப்பட்டான். மூன்று நாள் பயிற்சி நடந்தது. அக்கா சொல்லச் சொல்ல, கடலைப் பற்றிக் குறிப்பெடுத்த அதே நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆரணிப் பெரியவருக்குச் சர்க்கரை இல்லாத காபி, அவர் கேட்டாலும் சர்க்கரை போடக்கூடாது. உள்ளறைச் சாவியை வேலூருக்கு மட்டும் கொடுக்கலாம். செருப்பை ஜோடி ஜோடியாகக் கட்டி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் பொழுது விடிந்ததும் சண்டை. நான் கிளறிய எலுமிச்சை சாதத்தை ருசி பார்த்துவிட்டு, "பசியோட வருவாங்க, தின்னுடுவாங்க" என்றாள். தேர்ச்சி.

சனிக்கிழமை விடியற்காலை வேன் வந்து நின்றது. பாதையில் தடுப்புக் கம்பிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஏறினாள். ஏறியவள் இறங்கி, தயிரை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னாள். மறுபடி ஏறி, மறுபடி இறங்கி, கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் மாற்றுவது எப்படி என்று காட்டினாள். முட்டி வலியோடு அந்த உயரமான படியில் அவள் மூன்றாம் முறை கால் வைத்து இறங்கியபோது, இவள் போகப்போவதில்லை என்றே நினைத்துவிட்டேன்.

"யக்கா," என்றான் சித்தப்பா மகன். "இன்னொரு தடவ எறங்குன, ரோட்ட அடைச்சிடுவாங்க. அப்புறம் மலையச் சுத்திட்டு இங்கயே வந்து எறங்க வேண்டியதுதான்."

கதவை அவனே இழுத்துச் சாத்தினான். வேன் போனது. ஒன்பது பேர் கடலுக்குப் போனார்கள். மாமா கடைக்குப் போனார். நான் எலுமிச்சம்பழத்தை எண்ணினேன்.

மத்தியானத்திலிருந்து ஜனம் வர ஆரம்பித்தது. முதலில் வேலூர், அதாவது மாமாவின் தங்கை.

"அண்ணி எங்க?"

"கடலுக்குப் போயிருக்குது."

பையைத் தொப்பென்று கீழே வைத்தார். "ஐயையோ, கடலுக்கா? யாரு தவறிட்டாங்க?"

அஸ்தி கரைக்க அல்லாமல் ஒருத்தி கடலுக்குப் போவாள் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றவில்லை. சும்மா பார்க்கத்தான் போயிருக்கிறாள் என்றேன். "சும்மாவா? பௌர்ணமி அன்னிக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆரணிப் பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "எதுனா சண்டையா? எங்கிட்ட சொல்லு" என்றார். கூடவே சர்க்கரை ஜாஸ்தியாக ஒரு காபியும் கேட்டார்.

இதற்கு நடுவில் என் கண் போனிலேயே இருந்தது. பத்து மணிக்கே மனைவி கூப்பிட்டு, வந்து சேர்ந்துவிட்டோம் என்று சொல்லியிருந்தாள்.

"அக்கா கடலப் பாத்துச்சா?"

"வேன்லேர்ந்து எறங்கறப்ப ஒரு தடவ பாத்தாங்க. இப்ப உள்ள பீன்ஸ் நறுக்கறாங்க."

"பீன்ஸா!"

"நான் இன்னாங்க பண்றது? 'வெயில் தாழட்டும்'ங்கறாங்க."

இரண்டு மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். "அண்ணி கேக்கச் சொல்றாங்க. தயிர ஃப்ரிட்ஜ்ல வச்சீங்களா?" வைக்கவில்லை. வைத்துவிட்டேன் என்றேன். அலை எப்படி இருக்கிறது, ஏறியிருக்கிறதா, யாராவது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேச்சு அறுந்தது. பௌர்ணமிக் கூட்டம் கூடிவிட்டால் எங்கள் ஊரில் போனில் சிக்னல் கோடு முழுதாகத் தெரியும், ஆனால் ஒன்றும் போகாது, வராது. அப்படி ஆகிவிட்டது.

நான்கு மணி. ஐந்து மணி. காபி போட்டேன், சாதம் வைத்தேன், செருப்பு கட்டினேன். ஈர மணலில் அக்கா வழுக்கி விழுவதாகவும், பயந்துபோய் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதாகவும், சமையலை முடித்துவிட்டுப் பாத்திரம் கழுவுவதாகவும் மாறி மாறித் தோன்றியது. மூன்றில் கடைசிதான் என்னை அதிகம் வதைத்தது. பழைய இலக்கணத்தில் கடலுக்குரிய உணர்வு இரங்கல். கரையில் காத்திருந்து கலங்குவது. குறிஞ்சிக்கு வேறு, இனிப்பான ஒன்றை ஒதுக்கியிருப்பார்கள். மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு நெய்தலை முழுதாக அனுபவித்தவன் நானாகத்தான் இருப்பேன்.

பொழுது சாய்ந்த பிறகு போன் ஒருமுறை துடித்தது. குழுவில் ஒரு படம். மங்கலாக ஒரு நிறத் திட்டு, நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும் வளையம். சமையலறையில் நின்று பார்த்தேன், சுற்றியது. வாசலுக்குப் போனேன், சுற்றியது. "தம்பி, காபி..." என்ற குரலைக் காதில் வாங்காமல் மாடிக்கு ஓடி, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே பாதையில் போனவர்கள் அதையும் ஒரு பிரார்த்தனை என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

திறந்தது. அக்காவின் முதுகு. புடவையைத் தூக்கிச் செருகியிருக்கிறாள். ஒரு கை என் மனைவியின் தோளில். கணுக்காலுக்கு மேலே தண்ணீர். எதிரே, நீருக்கு மேல், செம்மண் நிறத்தில் நிலா. முகம் தெரியவில்லை. அவள் திரும்புகிற உத்தேசமே இல்லாமல் நிற்கிறாள் என்பது முதுகிலேயே தெரிந்தது.

நான் நிமிர்ந்து வானத்தைத் தேடினேன். அடி அண்ணாமலையில் நிலா மலைக்குப் பின்னாலிருந்துதான் ஏறிவரவேண்டும், இன்னும் வரவில்லை. முதல் முறையாக அக்கா ஒன்றை எனக்கு முன்னால் பார்த்துவிட்டாள். இதைப் பற்றி நல்லதாக ஒரு வாக்கியம் யோசித்துக்கொண்டிருந்தபோது, கீழே ஆரணிப் பெரியவர் ஒற்றைச் செருப்பைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட ஆரம்பித்தார். இறங்கிப் போனேன்.

திங்கட்கிழமை வந்து இறங்கியதும் அக்கா நேராக ஃப்ரிட்ஜைத் திறந்து தயிரை மோந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கடலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, தயிர் விஷயத்தில் என் நிலை பலவீனமாக இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்து, பேச்சு வந்து, இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அன்று காலையிலிருந்து நான் நர்ஸம்மாவை மூன்று முறை ஓடிப் போய்க் கூட்டி வந்திருந்தேன். மூன்று முறையும் ஒன்றுமில்லை. பக்கத்துக் கட்டிலில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், அவருக்கும் முட்டிதான். பேச்சுவாக்கில் அக்கா கடலுக்குப் போய் வந்தது தெரிந்து, "நான் பாத்ததே இல்ல. எப்பிடிக்கா இருக்கும்?" என்று கேட்டார்.

நான் ஆரஞ்சு உரிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அதுவா?" என்று அக்கா யோசித்தாள். பிறகு முகவாயால் என்னைக் காட்டினாள். "இதோ, எங்க தம்பி மாதிரிதான். தூரத்துலேர்ந்தே பெருசா சத்தம் போட்டுக்கினு, என்னமோ பண்ணப் போறாப்புல ஓடியாரும். கால்கிட்ட வந்ததும் ஒண்ணும் இல்லாம திரும்பிப் போயிடும்."